திரையில் சொன்ன ‘சரி’

வாடிப்பட்டிப் பக்கத்திலிருந்து எங்களிடம் சிகிச்சை பெறும் அம்மையார் ஒருவர். நீண்டகால நீரிழிவு நோயாளி. அவருடைய இசைவுடன், சில விவரங்களை மாற்றி இதை எழுதுகிறோம். காலின் சுண்டுவிரலில் ஏற்பட்ட புண்ணிலிருந்து தொற்று எலும்புவரை இறங்கியிருந்தது. காணொளி அழைப்பில் அவருடன் பேசினோம். துபாயில் பணிபுரியும் மகனும் இணைந்திருந்தார். அந்த விரலை அகற்றிவிட்டால் பாதத்தைக் காப்பாற்றலாம் என்று விளக்கினோம். மகன் இரண்டு கேள்விகள் கேட்டு ஒப்புக்கொண்டார். அம்மையார் தலையசைத்து, “சரிங்க டாக்டர்” என்றார்.

குறித்த நாளில் அவர் வரவில்லை. பன்னிரண்டு நாள்களுக்குப் பின் காய்ச்சலோடு வந்தபோது, பாதத்தின் முன்பகுதியையே அகற்ற வேண்டியதாயிற்று. பின்னர் அவர் சொன்னார்: “பெரியவங்க நீங்க சொல்லும்போது நான் என்னத்தச் சொல்ல? மகன் வேற பாத்துக்கிட்டு இருந்தான். நான் அழுதா வேலையை விட்டுட்டு வந்துருவான்ல.”

அந்த அழைப்பில் ‘சரி’ என்பது மரியாதைச் சொல், சம்மதம் அன்று. அதைப் பிரித்தறியத் தவறியது நாங்கள்தான்.

நேரில் அமர்ந்திருந்தால் முந்தானையை முறுக்கும் விரல்களைக் கண்டிருப்போம். கைப்பேசித் திரை முகத்தை மட்டுமே காட்டுகிறது. கிராமத்து இணைய வேகத்தில் அதுவும் அவ்வப்போது உறைந்துவிடுகிறது. மருத்துவர் திரையில் உங்கள் முகத்தைப் பார்த்துப் பேசும்போது, அவர் கீழே எதையோ பார்ப்பதாக உங்களுக்குத் தோன்றும். குரல் ஒரு நொடி தாமதமாக வந்தாலே எதிரிலிருப்பவர் அக்கறையற்றவராகத் தெரிவார். அந்த இடைவெளியை நிரப்ப யாராவது பேசத் தொடங்குவார். பெரும்பாலும் வெளியூரில் இருக்கும் பிள்ளை. சொல்லத் தயங்கியவர் அத்துடன் அடங்கிவிடுவார்.

திரைவழி மருத்துவம் நம் பகுதிக்குப் புதிதன்று. மதுரையில் 1976இல் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 2004 வாக்கில் தேனிப் பகுதிக் கிராமங்களில் கண் பார்வை மையங்களை அமைத்தது. நீண்ட தூர வைஃபை இணைப்பை உருவாக்க அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உதவினர். அங்கே பயிற்சி பெற்ற பணியாளர் ஒருவர் முதலில் கண்ணைப் பரிசோதிப்பார். பிறகு நோயாளி தொலைவிலுள்ள மருத்துவருடன் திரையில் பேசுவார். கருவியைவிட, நோயாளியின் அருகில் ஒருவர் இருப்பதே அந்த ஏற்பாட்டின் பலம் என்று கருதுகிறோம். வீட்டிலிருந்து பேசுவோர்க்கும் அத்தகைய ஒருவர் வேண்டும். அவர் மருமகளாகவோ பக்கத்து வீட்டுக்காரராகவோ இருக்கலாம்.

25 மார்ச் 2020 அன்று நடுவண் அரசு வெளியிட்ட தொலைமருத்துவ நெறிமுறைகளின்படி, ஆலோசனையை நோயாளியே தொடங்கினால் அதற்கு அவர் இசைந்ததாகக் கொள்ளப்படும். மருத்துவரோ பராமரிப்பாளரோ தொடங்கினால், நோயாளியின் வெளிப்படையான ஒப்புதல் வேண்டும். தெளிந்த நினைவுடைய வயதுவந்தவர் உடனில்லாதபோது உறவினர் அவருக்காகப் பேச, நோயாளி கையொப்பமிட்ட கடிதம் போன்ற சான்று தேவை. ஆலோசனையை எந்த நேரத்திலும் நிறுத்தும் உரிமை நோயாளிக்கு உண்டு. ஆனால் இவையெல்லாம் ஆலோசனை பெறுவதற்கான ஒப்புதல் மட்டுமே. அறுவைச் சிகிச்சைக்கான ஒப்புதலை நாங்கள் நேரில், எழுத்தில்தான் பெறுகிறோம்.

அந்த அம்மையாருக்குப் பின் எங்கள் வழக்கத்தைச் சற்று மாற்றியுள்ளோம். முடிவைக் கேட்குமுன், நாங்கள் கூறியதை உங்கள் சொற்களில் திரும்பச் சொல்லும்படி கேட்போம். இது தேர்வன்று, நாங்கள் சரியாக விளக்கினோமா என்று எங்களையே சோதிப்பது. பிறகு, “இதில் உங்களுக்கு எது பயமாக இருக்கிறது?” என்போம். பிள்ளைகளைச் சில நிமிடங்கள் அழைப்பிலிருந்து விலகியிருக்கச் சொன்னால் வருந்த வேண்டாம். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வரும் கட்டைவிரல் குறியை முடிவாக ஏற்கமாட்டோம். அது பல நேரங்களில் ‘பார்த்துவிட்டேன்’ என்பதற்கு மேல் எதையும் சொல்வதில்லை.

நீங்களும் தயங்காமல், “பயமாக இருக்கிறது”, “இரண்டு நாள் யோசிக்கிறேன்” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். எத்தனை நாள் காத்திருக்கலாம், எதற்குமேல் தாமதித்தால் ஆபத்து என்பதை நாங்கள் சொல்வோம். திரையின் முன் அழுகை வந்தால் அழைப்பைத் துண்டிக்க வேண்டாம், நாங்கள் காத்திருப்போம்.

அந்த அம்மையார் இப்போது சிறப்புக் காலணி அணிந்து நடக்கிறார். சென்ற மாதக் காணொளியில் புதிய மாத்திரை ஒன்றைப் பரிந்துரைத்தோம். “வேண்டாங்க டாக்டர், மொதல்ல எதுக்குன்னு சொல்லுங்க” என்றார்.