ஒரு பானை, ஒரு பந்தி: உருளைக்கிழங்கு சாசேஜ் சூப்



நகரத்தில் வாழும் நம் குடும்பங்களில் இரவு உணவு எத்தனை மணிக்கு என்று கேட்டால், நம்மில் அநேகரால் ஒரே பதில் கூற இயலாது. மாமியார் மாத்திரை விழுங்க வேண்டியிருப்பதால் ஏழரை மணிக்கே உண்டுவிடுகிறார். டியூஷன் முடிந்து வரும் பிள்ளை எட்டரை மணிக்குத் தட்டை எடுத்துக்கொண்டு தொலைக்காட்சியின் முன் அமர்கிறான். கணவர் லோக்கல் ரயிலில் நின்றபடியே வந்து, பத்து மணிக்கு ஆறிப்போன சோற்றைத் தாமே போட்டுக்கொள்கிறார். வீட்டுத்தாய் எப்பொழுது உண்டாள் என்பதை ஒருவரும் கவனிப்பதில்லை. குடும்ப ஜெபத்திற்கு மட்டும் எல்லாரும் கூடுவோம். அப்பொழுதும் ஒருவர் குளியலறையில் இருப்பார்.

மும்பையில் எங்கள் வீடும் ஒரு காலத்தில் இப்படித்தான் இருந்தது. அதை மாற்றியது ஒரு சூப் என்று சொன்னால் சிரிப்பீர்கள். நடந்ததை எழுதுகிறேன்.

2005ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் தேதி பெய்த மழையை மும்பைவாசிகள் எவரும் மறந்திரார்கள். சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. மித்தி நதி கரைபுரண்டது. அப்பொழுது நாங்கள் கலினாவில் ஒரு பழைய கட்டடத்தின் முதல் மாடியில் குடியிருந்தோம். மாலை ஆறு மணிக்குள் கீழ்வீடுகளில் இடுப்பளவு தண்ணீர். அங்கிருந்த மூன்று குடும்பத்தாரும் மேலே ஏறி வந்துவிட்டார்கள். மின்சாரம் இல்லை, தொலைபேசி இல்லை. என் கணவர் லோயர் பரேலிலுள்ள அலுவலகத்திலிருந்து கிளம்பினாரா, எங்கே நிற்கிறார் என்று ஒன்றும் தெரியவில்லை. நான் ஜெபித்துக்கொண்டிருந்தேன் என்று எழுதினால் அது பாதி உண்மைதான். அழுதுகொண்டிருந்தேன்.

எதிர்வீட்டில் கோவாவைச் சேர்ந்த முதிய அம்மையார் ஒருவர் இருந்தார். பிள்ளைகள் அவரை ஆண்ட்டி என்று அழைப்பார்கள். அவருடைய அடுக்களையில் ஒரு கயிற்றில் ஜெபமாலை மணிகளைப்போலச் சிறுசிறு உருண்டைகளாகக் கட்டப்பட்ட சாசேஜ் எப்பொழுதும் தொங்கும். ஃபிரிட்ஜ் நின்றுபோன அந்த இரவில் கெடாமல் இருந்த இறைச்சி அது ஒன்றே. அவர் பெரிய அலுமினியப் பாத்திரத்தில் உருளைக்கிழங்கையும் வெங்காயத்தையும் வேகவைத்து மசித்தார். சாசேஜை அதில் போடவில்லை. தனிச் சட்டியில் வதக்கினார். கீழ்வீட்டு முஸ்லிம் குடும்பத்தாருக்கும், உத்தரப்பிரதேசத்திலிருந்து வந்த சைவ உணவுக்காரருக்கும் முதலில் ஊற்றினார். பின்பு, உண்பவர்களின் கிண்ணங்களில் மட்டும் கரண்டியால் சாசேஜை இட்டார். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பதினான்கு பேர் ஒரே நேரத்தில், ஒரே பானையிலிருந்து உண்டோம். ஒருவருடைய உணவு முறையும் மீறப்படவில்லை.

என் கணவர் மறுநாள் பதினொரு மணிக்கு நடந்தே வந்து சேர்ந்தார். கர்த்தருக்கு ஸ்தோத்திரம். ஆண்ட்டி அவருக்கென்று எடுத்துவைத்திருந்த கிண்ணத்தைச் சூடுபண்ணிக் கொடுத்தார். ஈர உடையோடு நின்றபடியே குடித்து முடித்தார்.

அந்த மாதத்திலேயே செய்முறையை ஆண்ட்டியிடம் கேட்டு எழுதிக்கொண்டேன்.

கடல் கடந்த சூப்

இதன் மூலம் போர்ச்சுகல் தேசம். அந்நாட்டின் வடக்கே மின்யோ என்னும் பகுதியில் உருளைக்கிழங்கை வேகவைத்து மசித்து, மெல்லிய நூல்போல் நறுக்கிய கீரையை அதில் இட்டு, கிண்ணத்துக்கு ஒன்றிரண்டு துண்டு சாசேஜ் வைத்துக் கொடுப்பார்கள். கால்டோ வெர்டே என்று பெயர். பச்சைச் சாறு என்று பொருள். கோவா 1510 முதல் 1961 வரை போர்ச்சுகீசியர் வசம் இருந்தபடியால் இந்தச் சூப்பும் அங்கே வந்து சேர்ந்தது. அவர்களுடைய முட்டைக்கோஸ் இனக் கீரைக்குப் பதிலாகக் கோவாவில் பாலக் கீரை போடுகிறார்கள். மராத்தியில் உருளைக்கிழங்கை பட்டாட்டா என்பதும், ரொட்டியைப் பாவ் என்பதும் போர்ச்சுகீசியர் விட்டுச்சென்ற சொற்களே.

கோவா சாசேஜ் என்பது நாம் பெரிய கடைகளில் காணும் வழவழப்பான சாசேஜ் அன்று. பன்றி இறைச்சியையும் கொழுப்பையும் சிறு துண்டுகளாக்கி, உப்பு, காய்ந்த மிளகாய், பூண்டு, இஞ்சி, மிளகு, கிராம்பு, பட்டை ஆகியவற்றோடு தென்னங்கள்ளிலிருந்து எடுக்கும் வினிகரில் ஊறவைத்துக் குடலில் அடைத்து, வெயிலிலும் புகையிலும் உலர்த்துகிறார்கள். (வேதாகமத்தில் காடி என்று வாசிக்கிறோமே, அதுதான் வினிகர்.) மழைக்காலத்தில் மீன்பிடி நின்றுபோகும் என்பதால் மே மாதத்திலேயே கருவாடு, ஊறுகாய், மிளகாய் இவற்றோடு சாசேஜையும் வாங்கிச் சேமிப்பது கோவா வீடுகளின் வழக்கம். நம் ஊரில் சித்திரை வெயிலில் வற்றலும் வடகமும் போடுவதைப்போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கப்பல் வேலைக்கும் வீட்டு வேலைக்கும் மும்பைக்கு வந்த கோவாக்காரர்கள் தோபி தலாவ் பகுதியில் தங்கள் தங்கள் கிராமத்தின் பெயரால் விடுதிகள் அமைத்துக்கொண்டார்கள். அவற்றில் ஒரு பீடம் இருக்கும். மாலைதோறும் எல்லாரும் கூடி ஜெபிப்பார்கள். ஊரிலிருந்து வருகிறவர் பையில் சாசேஜ் இருக்கும். நெல்லை ரயிலில் நம்மவர் கருவாட்டுப் பொட்டலத்தை மூன்று காகிதம் சுற்றிக் கொண்டுவந்து, பக்கத்து இருக்கைக்காரரிடம் வாங்கிக்கட்டிக்கொள்வது என் நினைவுக்கு வருகிறது.

செய்யும் முறை

நான்கு பேருக்கு அரைக் கிலோ உருளைக்கிழங்கு, பெரிய வெங்காயம் இரண்டு, பூண்டு எட்டுப் பல், கோவா சாசேஜ் 150 கிராம், பாலக் கீரை ஒரு சிறு கட்டு, ஆறு குவளை தண்ணீர், சிறிதளவு எண்ணெய், மிளகுத்தூள். உப்பைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். சாசேஜிலேயே உப்பு மிகுதி.

பழைய கிழங்காக வாங்குங்கள். ஜனவரியில் வரும் புதுக் கிழங்கு, விரலால் தேய்த்தாலே தோல் உரிவது, மசியாமல் துண்டாகவே நிற்கும். வறுவலுக்கு நல்லது, சூப்புக்கு ஆகாது. பச்சை நிறம் பிடித்த கிழங்கை ஒதுக்கிவிடுங்கள். அதில் நச்சுத்தன்மை உண்டு, வேகவைத்தாலும் நீங்காது.

குக்கரில் எண்ணெய் விட்டு வெங்காயத்தையும் பூண்டையும் நிறம் மாறாமல் வதக்கி, தோல் நீக்கி நறுக்கிய கிழங்கையும் தண்ணீரையும் சேர்த்து மூன்று விசில் விடுங்கள். ஆவி அடங்கியபின் முக்கால் பங்கை மத்தால் மசித்து, கால் பங்கைத் துண்டுகளாகவே விட்டுவிடுங்கள். மிக்ஸியில் அரைத்தால் பசைபோல் ஆகிவிடும். நான் ஒருமுறை அரைத்துப் பார்த்தேன். சுவரொட்டி ஒட்டலாம் போலிருந்தது.

கிழங்கு வேகிற நேரத்தில் சாசேஜின் நூலையும் மேல்தோலையும் நீக்கி உதிர்த்து, அரைக் குவளை தண்ணீரோடு ஒரு சட்டியில் மூடி, சிறு தீயில் இருபத்தைந்து நிமிடம் வேகவிடுங்கள். தண்ணீர் வற்றிச் சிவந்த எண்ணெய் பிரியும். இந்த நேரத்தைக் குறைக்க வேண்டாம். உலர்த்தியிருந்தாலும் அது சமைக்காத இறைச்சியே. சரியாக வேகாத பன்றி இறைச்சியால் நாடாப்புழு வரக்கூடும்.

இரண்டையும் முதலிலேயே ஒன்றாகப் போட்டால் என்ன என்று தோன்றும். ஐதராபாத்தில் நண்பர்களோடு தங்கி வேலை செய்யும் என் மகன் அப்படித்தான் போட்டுவிட்டு, "அம்மா, ஒரு மணி நேரமாகக் கொதிக்கிறது, கிழங்கு வேகவே இல்லை" என்று இரவு பத்து மணிக்குத் தொலைபேசியில் அழைத்தான். காரணம் வினிகர். புளிப்பு இருக்கும் நீரில் கிழங்கு இளகுவதில்லை. காய் வெந்தபின் புளி கரைத்து ஊற்ற வேண்டும் என்று நம் பாட்டிமார் சொன்னதும் இதனால்தான். அன்று அந்தப் பிள்ளைகள் ரொட்டியும் முட்டையும் உண்டு படுத்தார்கள்.

கடைசியாக, பரிமாறுவதற்கு ஐந்து நிமிடத்துக்கு முன், நூலாக நறுக்கிய கீரையைக் கொதிக்கும் சூப்பில் இட்டு, மூடாமல் இரண்டு நிமிடம் விடுங்கள். பச்சை நிறம் மாறாது. முருங்கைக்கீரையும் இட்டுப் பார்த்தேன். சுவை நன்றாகவே இருந்தது, ஆனால் பிள்ளைகள் கண்டுபிடித்து முகம் சுளித்தார்கள். சூப்பைக் கிண்ணங்களில் ஊற்றியபின், விரும்புகிறவர்களுக்கு மேலே இரண்டு கரண்டி சாசேஜும் அதன் சிவந்த எண்ணெயும். தொட்டுக்கொள்ளப் பாவ். வடக்கே இருப்பவர்கள் சப்பாத்தியைக் கிழித்து நனைத்து உண்ணலாம்.

நாம் உண்ணலாமா?

நம் சபைகளில் பன்றி இறைச்சியை உண்ணாதவர்கள் பலர் உண்டு. அப்போஸ்தலர் 10ஆம் அதிகாரத்தைக் காட்டி அவர்களோடு தர்க்கிப்பதை நான் விரும்புகிறதில்லை. ரோமர் 14ஆம் அதிகாரமும் அதே வேதத்தில்தான் இருக்கிறது. என் மாமியார் கடைசிவரை அதைத் தொடவில்லை. ஆயினும் அவருடைய கிண்ணமும் எங்கள் கிண்ணங்களும் ஒரே பானையிலிருந்து நிரம்பின. தனிச் சட்டியின் உபயோகம் இதுவே.

மற்றொரு காரியத்தையும் கவனிக்க வேண்டும். கோவா சாசேஜ் செய்பவர்களில் சிலர் ஃபெனி என்னும் மதுவைச் சேர்க்கிறார்கள். வாங்கும்போது கேட்டுவிடுங்கள். மும்பையில் மாஹிம், பாந்த்ரா, கலினா பக்கத்துக் கடைக்காரர்கள் இப்படிக் கேட்பதைக் குறையாக எண்ணுவதில்லை. எது சேர்த்தது, எது சேர்க்காதது என்று எடுத்துக் காட்டுகிறார்கள்.

கோழி சாசேஜிலும் செய்யலாம். அதில் காரமும் புளிப்பும் இல்லாதபடியால் 250 கிராமை வட்டமாக நறுக்கி, இரண்டு தேக்கரண்டி எண்ணெயில் நசுக்கிய பூண்டு, ஒரு தேக்கரண்டி காஷ்மீர் மிளகாய்த்தூள், இரண்டு கிராம்பு, சிறிது சீரகம் சேர்த்து வதக்கி, இரண்டு தேக்கரண்டி வினிகர் தெளித்து இறக்குங்கள். சாசேஜே வேண்டாம் என்பவர்களுக்கு, இதே மசாலாவில் வேகவைத்த ராஜ்மா.

ஆனால் இதை வாரந்தோறும் செய்ய வேண்டாம் என்று உங்களைக் கேட்டுக்கொள்வேன். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, பதப்படுத்தப்பட்ட இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் வரிசையில் 2015இல் சேர்த்தது. கோழி சாசேஜும் பதப்படுத்தியதுதான். எங்கள் வீட்டில் மாதத்திற்கு ஒருமுறை, மழைக்காலத்தில் இரண்டுமுறை. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மேலே இடும் சாசேஜை ஒரு கரண்டியோடு நிறுத்திக்கொள்ளட்டும். சர்க்கரை உள்ளவர்கள் கீரையைக் கூட்டி, கிழங்கைக் குறைத்து, பாவை விட்டுவிடட்டும்.

நாங்கள் குறித்துக்கொண்ட நேரம் இரவு ஒன்பதேகால். கணவர் வந்து கைகால் கழுவி அமரும் நேரம் அது. மாமியாருக்கு ஏழரை மணிக்கு மாத்திரைக்காக இரண்டு ரஸ்க்கும் பாலும் கொடுத்துவிடுவேன். சூப்புக்கு எங்களோடு வந்து அமர்வார். முதல் வாரம் மகன் பசிக்கிறது என்று அடுக்களையைச் சுற்றிச் சுற்றி வந்தான். கீரை நறுக்கும் வேலையை அவனிடம் கொடுத்தேன். ஒரு சங்கீதம் வாசித்து, சுருக்கமாக ஜெபித்து உண்ணத் தொடங்குவோம். சுருக்கமாக என்பதை என் கணவருக்கு இரண்டு முறை நினைவூட்ட வேண்டியிருந்தது, சூப் ஆறிவிடும்.

மீதமானால் சாசேஜையும் சூப்பையும் தனித்தனியே ஃபிரிட்ஜில் வையுங்கள். மறுநாள் சூப் கெட்டியாகிவிடும். ஒரு குவளை வெந்நீர் ஊற்றிக் கொதிக்கவைத்தால் பழைய பதத்திற்கு வரும். இரண்டாம் நாளைக்கு மேல் வைக்க வேண்டாம்.