இறந்தவரின் மனதை விசாரிக்கும் ஆய்வு

திடீர் மரணம் ஒன்று நேர்ந்தால், உயிரைப் பறித்தது விஷமா, அடியா, மாரடைப்பா என்பதைச் சட்ட வைத்திய அதிகாரியின் பிரேத பரிசோதனை பெரும்பாலும் சொல்லிவிடும். இறந்தவர் சாக நினைத்தாரா என்பதை உடல் சொல்லாது. அந்தக் கேள்விக்கு விடை தேடும் முறைதான் உளவியல் பிரேத ஆய்வு. தடயவியல் உளவியலில் இது முக்கியமான ஒரு பகுதி. வீடு வீடாகச் சென்று பேட்டி காண்பது, பதிவேடுகளைப் புரட்டுவது, சொன்னதைச் சொன்னபடி எழுதுவது ஆகியவை பல்கலைக்கழக ஆய்வுகூடங்களில் பெரும்பாலும் மாணவ ஆய்வாளர்களின் தோளில்தான் விழுகின்றன.

முறை பிறந்தது அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சலிஸ் நகரில். அளவுக்கு மீறி மருந்து உட்கொண்டு இறந்தவர்களில் யாருடையது விபத்து, யாருடையது தற்கொலை என்று தீர்மானிக்க முடியாமல் திணறிய மரண விசாரணை அதிகாரி தியோடர் கர்ஃபி, அங்கு 1958இல் தொடங்கிய தற்கொலைத் தடுப்பு நிலையத்தின் உதவியை நாடினார். எட்வின் ஷ்னைட்மன், நோர்மன் ஃபார்பரோ, ரொபர்ட் லிட்மன் ஆகியோர் இறந்தவர்களின் உறவினரிடமும் நண்பர்களிடமும் விசாரித்து இந்த முறையை வளர்த்தார்கள். 1962இல் நடிகை மர்லின் மன்றோ இறந்தபோதும் இந்த நிலையத்தாரே அழைக்கப்பட்டார்கள்.

இலங்கையில் 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின்படி திடீர் மரணங்களை நீதவானோ திடீர் மரண விசாரணை அதிகாரியோ விசாரிக்கிறார். பொலிஸ் அறிக்கை, உறவினர் வாக்குமூலம், மருத்துவ அறிக்கை இவற்றோடு விசாரணை பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. ‘குடும்பத் தகராறு’, ‘தாங்க முடியாத வயிற்றுவலி’ என்று எழுதப்படும் காரணங்கள் கோப்பை மூட உதவும்; மரணத்தை விளக்கப் போதா. தகராறு இல்லாத குடும்பம் எது?

ஹட்டன், நுவரெலியா பகுதித் தேயிலைத் தோட்டம் ஒன்றில் உளவியல் பிரேத ஆய்வைச் செய்ய முனையும் மாணவருக்கு முதல் சிக்கல் இடம். தொழிலாளர் குடியிருக்கும் லயக் காம்பராக்களுக்கு இடையில் ஒரே சுவர்தான். இங்கே பேசுவது அடுத்த காம்பராவில் கேட்கும். ஆகவே ஆள் இல்லாத நேரத்தில் குழந்தைகளைப் பராமரிக்கும் பிள்ளை மடுவத்திலோ கோயில் மண்டபத்திலோ பேசுவதுதான் சரி. அடுத்த சிக்கல் காலம். கருமாதிகூட முடியாத வீட்டில் கேள்வித்தாளோடு போய் நிற்கக் கூடாது. மிகவும் தள்ளிப்போட்டால் நினைவு மங்கிவிடும். இறப்புக்குப் பின் இரண்டு மூன்று மாதங்களிலிருந்து ஆறு மாதம் வரையான காலத்தைப் பல ஆய்வுகள் தேர்ந்தெடுத்துள்ளன. ஆண்டுத் திவசத்தை ஒட்டிய நாட்களைத் தவிர்ப்பது நல்லது.

வாய்ச்சொல்லை மட்டும் நம்பவும் கூடாது. தோட்டத்தில் எழுத்து ஆதாரங்களுக்குக் குறைவில்லை. தொழிலாளரின் நாள்வேலையைப் பதியும் செக்ரோலைப் பார்த்தால் ஒருவருக்கு எந்த நாள் முழுப்பேர் (முழுநாள் சம்பளம்) விழுந்தது, எந்த நாள் அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) என்பது தெரியும். ஆண்டுக்கணக்காக ஒழுங்காகக் கொழுந்து பறித்தவருக்குக் கடைசி இரண்டு மாதம் அரைப்பேராகவே விழுந்திருந்தால், வீட்டார் கவனிக்காத ஒரு மாற்றம் அங்கே பதிவாகியிருக்கக் கூடும். அது நோயா, மனச்சோர்வா, குடியா என்று தோட்ட ஆஸ்பத்திரிக் குறிப்புகளோடும் அடகுச் சீட்டுகளோடும் கடன் அட்டைகளோடும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஒரே பேட்டியை இரண்டு மாணவர்கள் தனித்தனியே மதிப்பிட்டு, முடிவுகள் பொருந்துகின்றனவா என்று பார்ப்பதும் வழக்கம்.

உறவினர் மறைப்பதற்குக் காரணம் உண்டு. 1998 வரை இலங்கையில் தற்கொலை முயற்சி தண்டனைக்குரிய குற்றம். சட்டம் மாறியது, வெட்கமும் பொலிஸ் பயமும் அவ்வளவு சீக்கிரம் மாறவில்லை. அதனால் நெறிமுறைக் குழுவின் அனுமதி, எழுத்து மூலமான சம்மதம், பெயரை மறைத்தல் இவை இன்றி வேலையைத் தொடங்கவே கூடாது. கங்காணியோ துரையோ பக்கத்தில் நிற்கும்போது பெறப்படும் சம்மதம் சம்மதம் ஆகாது.

மேல்நாட்டு முடிவுகளை இங்கே அப்படியே பொருத்தவும் முடியாது. அமெரிக்காவின் சென். லூயிஸில் 134 தற்கொலைகளை ஆராய்ந்த எலை ரொபின்ஸ், ஏறத்தாழ அனைவருக்கும் மனநோய் இருந்ததாகக் கண்டார். ஆசிய ஆய்வுகளில் இந்த வீதம் பொதுவாகக் குறைவு. இலங்கையில் நஞ்சருந்தி வைத்தியசாலைக்கு வந்தவர்களிடம் விசாரித்தபோது, பலர் அரை மணி நேரம்கூட யோசிக்கவில்லை என்று தெரிந்தது. கோபமும் மதுவும் கையெட்டும் தூரத்தில் இருந்த பூச்சிமருந்தும் ஒன்றுசேர்ந்த கணம் அது. 1995இல் இலட்சம் பேருக்கு 47 என்ற அளவில் இருந்த தற்கொலை வீதம், கடும் நச்சுள்ள பூச்சிமருந்துகள் படிப்படியாகத் தடைசெய்யப்பட்ட பின் ஏறத்தாழ 70 வீதம் குறைந்தது. தடைகளின் பலனை அளப்பதிலும் நஞ்சுச் சிகிச்சை ஆய்விலும் பேராதனையை மையமாகக் கொண்ட தென்னாசிய மருத்துவ நச்சியல் ஆய்வுக் கூட்டமைப்புக்குப் பெரும் பங்குண்டு.

நீதிமன்றத்தில் மாணவரின் குறிப்பேடு நிபுணர் சாட்சியம் ஆகாது. சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 45ஆம் பிரிவு ஏற்பது நிபுணரின் கருத்தை. அதைச் சொல்ல வேண்டியவர் மாணவரை மேற்பார்க்கும் மருத்துவரோ உளவியலாளரோதான். அந்தக் கருத்தும் ‘இருக்கலாம்’ என்ற அளவைத் தாண்டுவது அரிது. ஆனாலும் ‘காதல் தோல்வி’ என்று ஒரே சொல்லில் செய்தி எழுதும் பழக்கத்தைவிட இது எவ்வளவோ நேர்மையானது.

மனநெருக்கடியில் இருப்பவர்களும் அவர்களுக்காகக் கவலைப்படுபவர்களும் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்தை 24 மணி நேரமும் அழைக்கலாம்.