திரி வெட்டுவதும் திரியை வெட்டுவதும்

சிவகாசிப் பக்கம் ஒரு வீட்டு வாசலில் நின்று "அக்கா எங்க?" என்று கேட்டால், "திரி வெட்டப் போயிருக்கு" என்று பதில் வரும். அதே அக்காவிடம் பட்டாசு ஆலையில் ஃபோர்மேன் "அந்தத் திரியை முதல்ல வெட்டிரும்மா" என்பார். இரண்டிலும் வெட்டுப்படுவது திரிதான். முதல் பேச்சில் 'ஐ' இல்லை, இரண்டாவதில் இருக்கிறது. ஏன்?

செயப்படுபொருளுக்கு 'ஐ' உருபு, அது மறைந்து வந்தால் வேற்றுமைத்தொகை. பள்ளியில் இவ்வளவுதான் படித்தோம். எப்போது மறையும் என்று யாரும் சொல்லித்தரவில்லை; ஆனாலும் பேச்சில் ஒருவரும் தவறுவதில்லை. 'திரி வெட்ட' என்பது ஒரு வேலையின் பெயர். எந்தத் திரி என்ற கேள்வியே அங்கே எழாது. கண்ணெதிரே இருப்பதை 'அந்தத் திரி' என்று சுட்டியதும் 'ஐ' வந்து ஒட்டிக்கொள்கிறது.

மனிதர்கள் என்றால் கண்டிப்பு கூடும். 'அம்மாவைக் கூப்பிடு' என்போம். 'அம்மா கூப்பிடு' என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் 'பொண்ணு பாக்க வந்தாங்க' என்றால் வீட்டில் பஜ்ஜியும் கேசரியும் தயாராகும். 'பொண்ணைப் பாக்க வந்தாங்க' என்றால், ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் மகளைப் பார்க்க வந்ததாகவும் இருக்கலாம். ஓர் எழுத்து செய்யும் வேலை இது. தமிழில் எனக்கு ஆகப் பிடித்த இடமும் இதுதான்.

பால்டிக் கடலோர லிதுவேனிய மொழியில் உருபு மறைவதில்லை, மாறுகிறது. குறிப்பிட்ட ரொட்டியை வாங்கினால் நம் 'ஐ' போன்ற உருபு. கொஞ்சம் ரொட்டி வாங்கினால் நம் ஆறாம் வேற்றுமை போன்ற உருபு: 'துவோனோஸ்', அதாவது 'ரொட்டியின்'. ரொட்டியே வாங்கவில்லை என்றாலும் 'துவோனோஸ்' தான்.

அதன் உடன்பிறந்த மொழி லாத்விய மொழி. அதில் தலைவலியை 'மன் ஸாப் கல்வா' என்பார்கள். சொல்லுக்குச் சொல் 'எனக்கு வலிக்குது தலை'. நமக்கும் அவர்களுக்கும் மொழி உறவு கிடையாது, ஆனாலும் வாக்கியம் அப்படியே நம்முடையது. லிதுவேனியர் தலைக்கு 'ஐ' போடுவார்கள்: 'எனக்குத் தலையை வலிக்குது'. வலி நம்மைத் தேடி வருவது. அது வந்து சேரும் ஆளுக்கு இந்த மூன்று மொழிகளும் 'கு' போடுகின்றன.

அந்த லிதுவேனிய வாக்கியத்தில் எழுவாய் எது? இல்லவே இல்லை. 'எனக்குப் பசிக்குது' என்பதில் தேடிப் பாருங்கள், அங்கும் இல்லை.