முதுமையும் சைலோசைபினும்: ஆயத்தம் பற்றிய சில சிந்தனைகள்

ஐக்கிய அமெரிக்காவின் ஒறிகன் மாநில வாக்காளர் 2020ஆம் ஆண்டு நவம்பரில் ஒரு சட்ட முன்மொழிவை ஏற்றனர். அதன் பயனாக, சிலவகைக் காளான்களில் உள்ளதும் புலனுணர்வையும் காலவுணர்வையும் சில மணிநேரம் மாற்றவல்லதுமான சைலோசைபின் என்னும் பொருளை, பயிற்சிபெற்ற துணைவரின் முன்னிலையில் உட்கொள்வதற்கான நிலையங்கள் 2023இல் அங்கு இயங்கத் தொடங்கின. 21 வயது நிரம்பியோரை ஏற்கும் அச்சட்டம், வயதின் மேலெல்லை எதனையும் வகுக்கவில்லை. எனவே முதியோர் அங்குச் செல்லுங்கால் கருதவேண்டியவை யாவை என்பதை நாம் ஈண்டு நோக்குவோம்.

முதியோரை இதன்பால் ஈர்ப்பது வெறும் ஆர்வமன்று. ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தார் 2016இல் வெளியிட்ட ஆய்வொன்றில், உயிராபத்தான புற்றுநோய்க்குள்ளான 51 பேர் பங்குகொண்டனர். அவர்களுட் பெரும்பாலாரிடம் மனச்சோர்வும் பதகளிப்பும் குறைந்தன. ஆறு மாதங்களின் பின்னரும் அப்பயன் நிலைத்திருந்தது. இறப்பச்சம் முதுமையின் பெருஞ்சுமை ஆதலின் இம்முடிவு கவனத்திற்குரியது.

ஆயினும் இங்கொரு முரண்பாடு உண்டு. இத்துறை ஆய்வுகள் பெரும்பாலும் கடும் இதயநோயாளரை விலக்கியே நடத்தப்பட்டன. முதியோர் அவற்றில் மிகச் சிலரே. 'பாதுகாப்பானது' என்னும் முடிவு, பெரிதும் இளையோரதும் உடல்நலம் வாய்ந்தோரதும் அனுபவத்தினின்று பெறப்பட்டதாகும்.

சைலோசைபின் குருதியமுக்கத்தையும் இதயத்துடிப்பையும் தற்காலிகமாக உயர்த்துகிறது. இளைஞர் எளிதில் தாங்கும் இவ்வுயர்வு, நலிந்த இதயத்துக்கு ஊறு விளைக்கலாம். இலித்தியத்துடன் சேரின் வலிப்பு ஏற்படலாம்; முந்திய 30 நாட்களுள் இலித்தியம் உட்கொண்டோரை ஒறிகன் விதிகள் அனுமதிப்பதில்லை. மனச்சோர்வு மருந்துகள் சில இதன் விளைவை மங்கச் செய்யக்கூடும். அதனைக் கருதி அவற்றைத் தாமாகவே நிறுத்துதல் பெருந்தீங்காகும். விளைவு ஏறத்தாழ ஆறு மணிநேரம் நீடிப்பதால், மலசலகூடத்துக்குச் செல்லும் சிறு நடையிலும் விழும் ஆபத்துண்டு.

உட்கொள்ளுமுன் ஆயத்தச் சந்திப்பொன்று நிகழவேண்டுமென்பது ஒறிகன் விதி. ஆனால் துணைவர் வைத்தியராக இருத்தல் வேண்டுமென்பதில்லை. ஆதலின் மருந்துகளின் முழுப்பட்டியலுடன் தம் வைத்தியரைத் தனியே கலந்தாலோசித்தல் முதியவரின் முதற்கடன். குடும்பத்தில் உளப்பிறழ்வு நோய் இருந்ததா, நெடுநாள் அமிழ்ந்த துயர் மேலெழுந்தால் உடனிருப்பவர் யார், வீடு சேர்ப்பவர் யார் என்பனவும் முன்னரே தெளிவுபெற வேண்டியவை.

இவ்வாயத்தம் முழுவதையும் தனிமனிதரின் பொறுப்பாக்கிவிடுதல் நியாயமன்று. மருந்தின் பயனை நாடுவோருள் முதியோரும் அடங்குவரெனின், அதன் ஆய்விலும் அவர்களுக்கு இடமளித்தல் வேண்டும் என்பதே எமது துணிபு.