ஒரு கேம்... பல வாசல்! கறுப்பு உருண்டைகள் கரைசேர்ந்த கதை

கையில் சுமார் 10,000 டாலர் சேமிப்பு. அலுவலகம் பிடிக்க வசதியில்லை. சான் ஃபிரான்சிஸ்கோவின் காபிக் கடைகளில் லேப்டாப்பை விரித்து வைத்து இரண்டு பேர் செய்த கேம்தான் 'வேர்ல்ட் ஆஃப் கூ'.

கைல் கேப்லரும் ரான் கார்மெலும் எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் என்ற பெரிய கேம் நிறுவனத்தில் வேலை பார்த்தவர்கள். அதை விட்டுவிட்டு 'டூ டி பாய்' என்ற பெயரில் இறங்கினார்கள். படம், இசை எல்லாம் கேப்லர். புரோகிராமிங்கும் வியாபாரமும் கார்மெல்.

விளையாட்டு எளிது. கண் முழிக்கும் பிசுபிசு உருண்டைகளை ஒன்றோடொன்று ஒட்டிக் கோபுரமோ பாலமோ கட்டி, மிச்ச உருண்டைகளைக் குழாய் வாய்க்குக் கொண்டுபோக வேண்டும். அடித்தளம் ஒல்லியானால் கோபுரம் ஆடும். ஒரு பக்கம் கனம் கூடினால் சாயும். நம் வீட்டுக் குட்டீஸ் சீட்டுக்கட்டில் வீடு கட்டுவார்களே, அதே பதற்றம்!

2008 அக்டோபரில் விண்டோஸ் கம்ப்யூட்டருக்கும் நின்டெண்டோவின் வீ கருவிக்கும் கேம் வந்தது. இங்கேதான் சிக்கலும் சுவாரஸ்யமும். கம்ப்யூட்டரில் மவுஸால் உருண்டையைப் பிடித்து இழுக்கிறோம். வீயில் ரிமோட்டை டி.வி-யை நோக்கி நீட்ட வேண்டும். கை நடுங்கினால் உருண்டையும் நடுங்கும். ஆனால், ஒரே நேரத்தில் நாலு பேர் சேர்ந்து கட்டலாம். யார் கோபுரத்தைச் சாய்த்தது என்று சோபாவில் சண்டை வருவது போனஸ். வீயில் டவுன்லோடு செய்யும் கேம்களுக்கு 40 எம்.பி-தான் உச்சவரம்பு என்பதால், எல்லாவற்றையும் அதற்குள் அடக்க வேண்டியிருந்தது.

கம்ப்யூட்டர் பதிப்புக்குப் பூட்டு எதுவும் போடவில்லை. பூட்டுக்குச் செலவாகும், எப்படியும் உடைத்துவிடுவார்கள் என்பது அவர்கள் வாதம். இணையத்தில் பதிவான ஸ்கோர்களை வைத்துக் கணக்குப் போட்டபோது, விளையாடியவர்களில் பத்துக்கு எட்டு பேருக்கு மேல் காசு கொடுக்காதவர்கள் என்று தெரிந்தது. இருவர் மட்டுமே நடத்தும் நிறுவனத்துக்கு இது சின்ன அடியல்ல. இருந்தும் பூட்டுப் போடவில்லை. 2009 பிப்ரவரியில் லினக்ஸ் பதிப்பு வந்த நாளில், அவர்களின் இணையதளம் அதுவரை காணாத ஒருநாள் விற்பனையைப் பார்த்தது. லினக்ஸ்காரர்கள் காசு கொடுத்து வாங்க மாட்டார்கள் என்ற பேச்சுக்கு அதுவே பதில்.

அதே ஆண்டு அக்டோபரில், முதல் பிறந்தநாளுக்கு, 'விரும்பியதைக் கொடுங்கள்' என்றார்கள். ஒரு வாரத்தில் சுமார் 57,000 பேர் வாங்கினார்கள். அதிகம் பேர் கொடுத்த தொகை ஒரே ஒரு சென்ட். என்ன தாராளம்! ஆனாலும் சராசரி 2 டாலரைத் தொட்டது.

ஐபேடுக்கு வந்தது 2010 டிசம்பரில். மவுஸும் இல்லை, ரிமோட்டும் இல்லை. விரலே நேராக உருண்டையைத் தூக்குகிறது. இந்த கேம் விரலுக்காகவே பிறந்தது என்று தோன்றும். முதல் மாதத்திலேயே 1,25,000 பிரதிகள். வீயிலும் ஸ்டீமிலும் அதுவரை கண்ட எந்த மாதத்தையும்விட அதிகம். அடுத்த ஆண்டே ஐபோன், ஆண்ட்ராய்டு.

இரண்டாம் பாகத்துக்கு ரசிகர்கள் காத்திருந்தது பதினாறு ஆண்டுகள். 2024 ஆகஸ்டில், முதலில் கம்ப்யூட்டருக்கும் நின்டெண்டோ ஸ்விட்சுக்கும் வந்தது.