பிள்ளைக்கு 18 ஆகிறதா? கார்டியன் மனுவை மறக்காதீர்கள்

ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பகுதிகளில் அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளையை வளர்க்கும் பெற்றோரின் கவனத்திற்கு: பிள்ளைக்கு 18 வயது நிறைந்ததும், சட்டப்படி உங்கள் கார்டியன் பொறுப்பு முடிந்துவிடுகிறது. அவருடைய சொத்துப் பத்திரத்தில் அத்தாவின் கையெழுத்து தானாகச் செல்லாது.

இதற்கு வழி, 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு, கலெக்டர் இடம்பெறும் உள்ளூர்க் குழு சட்டப்பூர்வப் பாதுகாவலரை நியமிக்கும். நமக்கு ராஜாஜி சாலை கலெக்டர் அலுவலகம். பெற்றோரே அந்தப் பொறுப்பைக் கேட்கலாம். நம்பிக்கையான உறவினரையும் முன்மொழியலாம்.

பாதுகாவலர் 6 மாதத்துக்குள் சொத்துப் பட்டியலும், ஆண்டுதோறும் கணக்கும் கொடுக்க வேண்டும். மார்க்கம் சொல்வதும் இதுதான். பொருளை நிர்வகிக்க இயலாதவருக்கு அதிலிருந்தே உணவும் உடையும் கொடுத்து, கனிவாகப் பேசச் சொல்கிறது சூரா அன்னிஸாவின் 5ஆம் வசனம். அது அமானிதம். "நாங்கள் பார்த்துக்கொள்கிறோமே, அவனுக்கு எதற்குப் பங்கு?" என்று கேட்க உடன்பிறந்தோருக்கு உரிமையில்லை. குறைபாடு வாரிசுரிமையைக் குறைக்காது.

17 வயதிலேயே மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, ஆதார் ஆகியவற்றைச் சரிசெய்யுங்கள். உங்களுக்குப் பின் யார் பொறுப்பு என்பதைக் குடும்பமாக உட்கார்ந்து, அந்தப் பிள்ளையின் விருப்பத்தையும் கேட்டு முடிவெடுங்கள். மவ்த் சொல்லிவிட்டு வருவதில்லை.