சிறுநீர் உரைக்கும் செய்தி

உடலினுள்ளே மறைந்து வளரும் நோயினைப் புறத்தே தோன்றும் குறிகளைக் கொண்டு அறிதல் மருத்துவத் தொழிலின் தலையாய பகுதியாம். அக்குறிகளுள் சிறுநீர் மிகத் தொன்மையானது. ஐரோப்பிய மருத்துவர் இடைக்காலத்தே அதனைக் கண்ணாடிக் குப்பியில் ஏந்தி நிறமும் தெளிவும் நோக்கினர். நம் சித்த மருத்துவர் நீர்க்குறி என்று அதன் நிறம், மணம், நுரை முதலியவற்றையும், நெய்க்குறி என்று அதன்மீது விட்ட எண்ணெய்த்துளி பரவும் வகையையும் ஆராய்ந்தனர். அவர்கள் வெறுங்கண்ணாற் கண்டனர்; இக்காலத்தார் அந்நீரில் மிதக்கும் உயிரணுக்களையும், அவற்றினுள் உறையும் மரபணுக்களையும் நோக்குகின்றனர். சிறுநீர்ப்பையிற் பிறக்கும் புற்றுநோயை இவ்வழியால் முன்னரே அறிதல் கூடுமோ, கூடுமாயின் அதன் எல்லை யாது என்பதனை ஒருவாறு விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சிறுநீர்ப்பை தசையாலாகிய ஒரு பை. அதன் உட்புறத்தை உயிரணுக்களாலாகிய மெல்லிய படலம் போர்த்திருக்கின்றது. அப்படலம் எந்நேரமும் சிறுநீரில் தோய்ந்திருப்பதால், மூத்த உயிரணுக்கள் உதிர்ந்து அந்நீரோடு வெளியேறும். புற்றுநோய் பெரும்பாலும் இப்படலத்திலேயே தோன்றுகின்றது. ஆதலின் நோயுற்ற அணுக்களும் உடன் உதிர்வது இயல்பே. 2022-ஆம் ஆண்டில் உலகெங்கும் ஆறு இலட்சத்திற்கு மேற்பட்டோர் இந்நோய்க்குப் புதிதாக ஆளாயினர். இரண்டு இலட்சத்திற்கு மேற்பட்டோர் இதனால் மாண்டனர். நோய் படலத்தளவில் நிற்கும்போது, சிறுநீர்த் தாரை வழியே கருவியைச் செலுத்திக் கட்டியைச் சுரண்டி எடுத்தல் இயலும். தசையினுள் வேரூன்றிய பின்னரோ பையையே அகற்ற வேண்டிய நிலை பலருக்கு நேர்கின்றது. முன்னரே அறிதலின் அருமை இதனாற் புலனாம்.

இந்நோயின் காரணங்களுள் ஒன்று முதன்முதல் வெளிப்பட்டது சாயத் தொழிற்சாலையில் ஆகும். ஜெர்மனியில் பிராங்க்பர்ட் நகரத்து அறுவை மருத்துவர் லூத்விக் ரேன் என்பார், பூக்ஸின் என்னும் செஞ்சாயம் செய்யும் தொழிலாளர் 45 பேருள் மூவருக்குச் சிறுநீர்ப்பையிற் கட்டி கண்டதை 1895-இல் வெளியிட்டார். 1938-இல் அமெரிக்காவில் ஹியூப்பர் என்பார், பீட்டா-நாப்தைலமீன் என்னும் சாயத்தொழிற் பொருளை நாய்களுக்குக் கொடுத்து, அவற்றின் சிறுநீர்ப்பையில் கட்டி தோன்றக் கண்டார். புகையிலைப் புகையிலும் இவ்வினத்து நஞ்சுகள் உள. அவை குருதியிற் கலந்து, சிறுநீரகத்தால் வடிக்கப்பட்டு, பையினுள் நெடுநேரம் தங்கி, படலத்தை வருத்துகின்றன. இந்நோயின் காரணங்களுள் இன்று முதலிடம் பெறுவது புகைபிடித்தலே.

யாரைக் கண்காணிக்கவேண்டும் என்பது இவ்வாறு தெளிந்தது. எவ்வாறு என்பதே வினாவாயிற்று. நிட்ஸே என்பார் 1877-இல் செய்துகாட்டிய ஸிஸ்டாஸ்கோப் என்னும் கருவியால் பையின் உட்புறத்தை நேரிற் காணலாம். எனினும், நோவுதரும் அக்கருவியை நோயற்ற ஆயிரம்பேருக்கு ஆண்டுதோறும் செலுத்துதல் எங்ஙனம் இயலும்? 1945-இல் நியூயார்க்கில் பாப்பனிக்கொலா, மார்ஷல் என்னும் இருவர் ஓர் எளிய வழியை வெளியிட்டனர். சிறுநீரின் அடிமண்டியைக் கண்ணாடித் தகட்டிற் பூசி, சாயமேற்றி, மைக்ராஸ்கோப்பில் நோக்குதலே அது. புற்றணுவின் உட்கரு பருத்தும் கருத்தும் ஒழுங்கிழந்தும் தோன்றும். இம்முறை இன்றும் வழக்கில் உள்ளது. இது ‘புற்று’ என்று கூறின் அது பொய்த்தல் அரிது. ஆனால் மெல்ல வளரும் கட்டியின் அணுக்கள் நல்ல அணுக்களையே ஒத்திருத்தலின், அவற்றை இது பெரும்பாலும் தப்பவிடுகின்றது.

அக்குறையை நிரப்பப் பல புதிய குறிகள் எழுந்தன. அவற்றை மூவகையாகக் கொள்ளலாம். முதலாவது, நோயணு உடையுங்கால் சிறுநீரிற் கலக்கும் புரதம், என். எம். பி. 22 என்பது அத்தகையது. ஆயின் கல்லடைப்பும் கிருமித் தொற்றும் உள்ளவிடத்தும் அது மிகுதலுண்டு. இரண்டாவது, ஒளிரும் சாயத்தால் 3, 7, 17 ஆகிய குரோமோசோம்கள் எண்ணிக்கையில் மிகுந்தனவா, 9-ஆவதில் ஒரு பகுதி தொலைந்ததா என்று காணுதல். மூன்றாவது, மரபணுவின் எழுத்துப் பிழையைத் தேடுதல். ஓர் அணு பிளவுபடுந்தோறும் அதன் குரோமோசோம்களின் முனைகள் சிறிது தேய்கின்றன; தேய்வு மிகுந்தபின் அணு பெருகாது ஓய்கின்றது. டெர்ட் என்னும் மரபணுவை எழுப்பும் பகுதியில் ஓரெழுத்துப் பிறழினும், தேய்ந்த முனை மீண்டும் வளர்ந்து, அணு ஓய்வின்றிப் பெருகக்கூடும். இப்பிறழ்ச்சி சிறுநீர்ப்பைப் புற்றுகளிற் பாதிக்கு மேற்பட்டவற்றிற் காணப்படுகின்றது.

ஈரான் நாட்டுக் கோலெஸ்தான் மாநிலத்தில் சேமித்து வைத்த சிறுநீரை ஆராய்ந்தோர் 2020-இல் வியப்பான முடிவொன்றை வெளியிட்டனர். பின்னாளில் இந்நோயுற்ற 30 பேருள் 14 பேரின் சிறுநீரில் இப்பிறழ்ச்சி முன்னரே இருந்தது. சிலரிடத்து நோய் வெளிப்படுதற்குப் பத்தாண்டுகள் முன்னரும் காணப்பட்டது. ஒப்புநோக்க எடுத்த 101 பேருள் ஒருவரிடத்தும் அது இல்லை.

அங்ஙனமாயின் எல்லாரையும் சோதிக்கலாகாதோ எனின், சிறிது கணக்கிட்டு நோக்குவாம். நோயின் அறிகுறி இல்லாத 10,000 பேருள் 20 பேர் நோயுடையர் என்று கொள்க. ஒரு சோதனை நோயாளர் ஐவருள் நால்வரைக் கண்டு, நலமுடையார் பதின்மருள் ஒருவரை நோயாளர் எனப் பிழைபடக் கூறுவதாகவும் கொள்க. அப்பொழுது உண்மை நோயாளர் 16 பேரும், நோயற்றார் 998 பேரும் ஒருங்கே அச்சுறுத்தப்படுவர். நோயுடையார் நால்வரோ கவலையற்று வீடு திரும்புவர். இனி, சிறுநீரிற் குருதி கண்டு வந்த 10,000 பேரை எடுத்து, அவருள் 1,000 பேர் நோயுடையர் என்போம். அதே சோதனை 800 பேரைச் சரியாகவும் 900 பேரைப் பிழையாகவும் காட்டும். சோதனை ஒன்றே; சோதிக்கப்படுவோர் வேறுபடவே அதன் பயனும் வேறுபடுகின்றது. அறிகுறியற்றாரைச் சோதித்தலின் நன்மை தீமைகளைச் சீர்தூக்கப் போதிய சான்றில்லை என்று அமெரிக்க நோய்த்தடுப்புக் குழுவினர் 2011-இல் உரைத்தனர்.

ஆகவே சிறுநீர்ச் சோதனை வாயிற்காவலனேயன்றித் தீர்ப்புக் கூறும் நீதிபதி அன்று. ஐயம் எழுந்தவிடத்து ஸிஸ்டாஸ்கோப்பால் நேரிற் கண்டும், கட்டியிற் சிறு பகுதியை எடுத்து ஆராய்ந்துமே மருத்துவர் முடிவு செய்வர். எந்த ஆய்வுக்கூடமும் வேண்டாத குறி ஒன்று உண்டு. அதுவே சிறுநீரில் நோவின்றித் தோன்றும் குருதி. அது ஒருநாள் தோன்றிப் பல திங்கள் மறைந்திருத்தல் கூடும். மறைந்தமை கண்டு நோய் நீங்கியதென எண்ணி வாளாவிருப்பதே பலரைக் கெடுக்கின்றது. குருதிக்குக் காரணம் கல்லாகவோ கிருமியாகவோ இருத்தலுங்கூடும். அதனைத் துணிபவர் மருத்துவரே. ஒருமுறை காணினும் அவரை அடுத்தலும், புகையை விடுத்தலும், சாயத் தொழிலிடங்களில் உழைப்போரைக் காத்தலும், எந்நுண்ணிய சோதனைக்கும் முற்பட நாம் செய்யத்தக்கனவாம்.